கூடையில் இறங்கிய டிக்கெட்டுகள்

ரேணுகாம்பாளுக்குச் சிரிப்பை அடக்க வராது. திருவண்ணாமலைக்குப் பக்கத்து அடி அண்ணாமலையில் அவள் பிறந்த தெருவில் யாரைக் கேட்டாலும் அவளைப் பற்றி முதலில் இதைத்தான் சொல்வார்கள். நிலத்தில் மல்லாட்டைக் கடலை பிடுங்கும்போது சிரிப்பாள். கிணற்றில் வாளி விழுந்தால் சிரிப்பாள். அதற்காகத் திட்டினால் இன்னும் கொஞ்சம் சிரிப்பாள். அவளுடைய அப்பா அப்பாசாமி, "பொறந்தப்பவே இது சரியா அழலங்க. அப்பவே எனக்கு ஒரு டவுட்டு" என்பார்.

டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்திருந்தாள். விரல்கள் ஓடும் வேகத்துக்கு நல்ல வேலைகள் கிடைத்தன. ஆனால் நிலைக்கவில்லை. முதல் வேலை ஒரு வக்கீலிடம். பக்கத்து வீட்டுக்காரர் மேல் ஒரு கட்சிக்காரர் தொடுத்த வழக்கு அது. "மேற்படி தென்னை மரமானது, தீய எண்ணத்துடன் என் கட்சிக்காரரின் கூரைப் பக்கம் சாய்ந்து" என்று வக்கீல் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல, இவள் தட்டுவதை நிறுத்திவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து வக்கீல் தண்ணீர் எடுத்துவரச் சொன்னார். விஷயம் தெரிந்ததும் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அடுத்தது ஒரு அரிசி மில் ஆபீஸ். மதியம் தூங்கிக்கொண்டிருந்த மேனேஜர், போன் மணி அடித்ததும் கண்ணைத் திறக்காமல் பேப்பர்வெயிட்டைக் காதில் வைத்து "அலோ" என்றார். அந்த வேலை அன்றைக்கே போயிற்று.

மூன்றாவதாக அவள் போய் நின்றது அருணகிரி முதலாளியின் பஸ் கம்பெனியில். திருவண்ணாமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே மாடியில் ஆபீஸ். அருணகிரி பெரிய மீசையும் அதற்குப் பொருந்தாத சின்னக் குரலும் உள்ள மனிதர்.

"நான் சிரிச்சுடுவேங்க. முதல்லயே சொல்லிடறேன்" என்றாள் ரேணுகாம்பாள்.

அருணகிரி அவளை மேலும் கீழும் பார்த்தார். "எங்க பஸ்ஸுல ஏர்றவங்க யாரும் சிரிச்சு நான் பாத்ததில்லம்மா. நீயாச்சும் சிரி. நாளைக்கு வந்துடு."

இது 1986இல். இரண்டு வருஷம் அவள் அங்கே டைப்ரைட்டரோடும் சிரிப்போடும் நிம்மதியாக இருந்தாள். பிறகு அருணகிரி ஒரு கல்யாணத்துக்காகச் சென்னைக்குப் போனார். ரயில் நிலையத்தில் ஒரு பெண் டி.வி. மாதிரி ஒரு பெட்டியைப் பார்த்து ஏதோ தட்டினாளாம். பக்கத்தில் இருந்த மிஷின் 'கிர்ர்ர்' என்று கத்தி டிக்கெட்டை அச்சடித்துத் துப்பியதாம். அருணகிரி தனக்கு எந்த ஊருக்கும் போக வேண்டிய வேலை இல்லாமலேயே வரிசையில் நின்று, அரக்கோணத்துக்கு ஒரு டிக்கெட் எடுத்து, அதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். கல்யாணத்துக்குப் போனாரா என்று யாருக்கும் தெரியாது.

"இனிமே நம்ம கம்பெனியும் கம்ப்யூட்டர்தான்" என்றார் மறுநாள். அந்த அரக்கோணம் டிக்கெட்டை எல்லாருக்கும் காட்டினார். டிரைவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்கள்.

வேலூரில் கம்ப்யூட்டர் விற்கிற ஒரு கம்பெனியிலிருந்து மூன்று கம்ப்யூட்டர்கள் வந்தன. அதோடு மூன்று பிரிண்டர் வாங்கச் சொன்னார்கள். அருணகிரிக்கு அது பிடிபடவில்லை. "ஒரு ஊட்ல மூணு பேரு இருந்தா மூணு கெணறா வெட்டுவாங்க?" என்று கேட்டு, ஒரே ஒரு பிரிண்டரை மட்டும் வாங்கினார். ஊசிகளால் புள்ளி புள்ளியாகக் குத்தி அச்சடிக்கும் பிரிண்டர். ஓரம் முழுக்க ஓட்டை போட்ட, மடிப்பு மடிப்பாக நீளும் தாள் அதற்குள் போகும். அது ஓடும்போது வருகிற சத்தத்தில் பக்கத்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

ஆனால் டிக்கெட் கொடுக்கும் இரண்டு கவுண்டர்களும் கீழே தெருவோரத்தில் இருந்தன. ஒன்றில் காசி, இன்னொன்றில் வள்ளி. இரண்டுக்கும் நடுவில் மணியம்மாளின் பூக்கடை. அந்த இடத்தை விலைக்குக் கேட்டு அருணகிரி எத்தனையோ முறை தூது விட்டும் மணியம்மாள் மசியவில்லை. மாடிப்படிக்கோ பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கீழே தூசியும் வெயிலும் இருந்ததால் பிரிண்டரை மாடியில் ரேணுகாம்பாளின் மேஜைக்குப் பக்கத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தார்கள்.

ஆரம்பத்தில் காசி கீழேயிருந்து கத்துவான். ரேணுகாம்பாள் மாடியில் கேட்டுத் தட்டி அச்சடிப்பாள். பஸ் ஹாரன், காபிக்கடை ரேடியோ, பூ வாங்குகிறவர்களின் பேரம் எல்லாவற்றையும் தாண்டி அவன் குரல் வர வேண்டும். ஒரு நாள் செங்கம் போக வேண்டிய ஒரு பெரியவருக்குச் செங்கல்பட்டு டிக்கெட் போய்விட்டது. அவர் திண்டிவனம் தாண்டித்தான் விழித்துக்கொண்டார். திரும்பி வந்து அவர் சண்டை போட்டபோது ரேணுகாம்பாள் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

அருணகிரி வேலூருக்குப் போன் போட்டார். "உங்க மூணு பொட்டியும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்க மாட்டேங்குது. மூணுத்தையும் ஒரே பிரிண்டருல கோத்துவுட ஆளு அனுப்புங்க."

அப்படித்தான் சுப்பிரமணி வந்தான். காட்பாடிக்காரன். பாலிடெக்னிக் முடித்தவன். ஷூ போட்டு, சட்டைப் பையில் மூன்று பேனா செருகி, எந்நேரமும் ஒரு துக்க வீட்டுக்கு வழி கேட்கிறவனைப் போல முகத்தை வைத்திருப்பான். படியேறி வந்ததும், "மேடம், பிரிண்டர் எங்க இருக்குது?" என்றான். ரேணுகாம்பாள் தனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். அதுவரை அவளை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை.

ஒரு கறுப்புக் கேபிளை மாடியிலிருந்து ஜன்னல் வழியாக இறக்கி, காசியின் கவுண்டருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பூக்கடையின் தகரக் கூரை மேலாக வள்ளியின் கவுண்டருக்கு இழுத்தான். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு வெள்ளிநிற இணைப்பு மாட்டினான். கேபிளின் வள்ளி பக்கத்து முனையில் விரல்நுனி அளவுக்கு ஒரு உலோக மூடியைத் திருகிவிட்டு வந்து, மாடி முனைக்கு அதே மாதிரி இன்னொன்றைக் கையில் எடுத்தான்.

"இது எதுக்குங்க சார்?" என்றாள் ரேணுகாம்பாள்.

"நீங்க இங்கேருந்து அனுப்பறது முனை வரைக்கும் போயி, சுவத்துல அடிச்ச பந்து மாதிரி திரும்பி வந்துடும் மேடம். இந்த மூடி அதப் புடிச்சு நிறுத்திடும். இல்லன்னா மூணு மிஷினும் ஊமை."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, அந்த மூடி அவன் கையிலிருந்து நழுவி ஜன்னலுக்கு வெளியே போயிற்று. சுப்பிரமணி ஜன்னலில் பாதி உடம்பைத் தொங்கவிட்டுப் பார்த்தான். பிறகு படியிறங்கி ஓடிச் சந்தைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தான். காசியும் வள்ளியும் கவுண்டரை விட்டு வந்து தேடினார்கள். டிக்கெட் வாங்க வந்தவர்களும் கூடவே குனிந்து தேடினார்கள். என்ன தேடுகிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

சாயங்காலம் ஆயிற்று. கிடைக்கவில்லை. சுப்பிரமணி பூக்கடை முன்னால் நின்று நெற்றியைத் துடைத்தான். தானும் கீழே வந்து தேடிக்கொண்டிருந்த ரேணுகாம்பாள் அப்போதுதான் கடைக்குள்ளிருந்த பிள்ளையார் படத்தைப் பார்த்தாள். படத்துக்குக் கீழே, சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு மல்லிகைச் சரத்துக்கு நடுவே அந்த மூடி மின்னிக்கொண்டிருந்தது.

"மணியம்மாக்கா, அது எங்களுதுக்கா" என்றாள்.

"அது எப்பிடி உங்களுதாவும்? நான் பூ கட்டிக்கினு இருக்கேன், வானத்துலேருந்து நேரா என் கூடையில வுழுந்துச்சு. இன்னா ஏதுன்னு தெரியாம வீசிட முடியுமா? அதான் சாமிகிட்ட வெச்சேன்."

"அது இல்லாம மூணு மிஷினும் ஊமைங்க" என்றான் சுப்பிரமணி, அழாத குறையாக.

மணியம்மாள் படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பிறகு மூடியை எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, குங்குமத்தைத் துடைக்காமலே கொடுத்தாள். "பூசை பண்ணதுங்க. பொட்ட அழிச்சுடாதீங்க." சுப்பிரமணி அழிக்கவில்லை. பொட்டோடேயே திருகிவிட்டான்.

மூன்று திரைகளிலும் எழுத்து வந்தது. சுப்பிரமணி ஜன்னலில் எட்டிக் கீழே பார்த்து, "காசி சார், இப்ப அனுப்புங்க. ஒரே ஒரு தடவ அமுக்குங்க" என்றான்.

கீழே காசி பொத்தானை அமுக்கினான். மாடியில் யாரும் தொடாத பிரிண்டர் திடீரென்று தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு கத்தியது. தாள் நகர்ந்தது. சேலத்துக்கு ஒரு டிக்கெட் வெளியே வந்தது. ரேணுகாம்பாள் அதைக் கிழித்துக் கையில் பிடித்துப் பார்த்தாள். அவள் இங்கே நிற்கிறாள், காசி அங்கே உட்கார்ந்திருக்கிறான், அவன் தட்டியது எப்படியோ பூக்கடைக் கூரை மேலே ஊர்ந்து வந்து இங்கே அச்சாகியிருக்கிறது. அவளுக்கு உள்ளங்கால் கூசியது. உடனே வள்ளியும் அமுக்கினாள். பாண்டிச்சேரி வந்தது. காசி மறுபடி அமுக்கினான். அருணகிரி கீழே ஓடி காசியை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து அமுக்கினார், பிறகு சந்தைச் சுற்றி மூச்சிரைக்க மாடிக்கு ஏறி வந்து, "வந்துச்சா?" என்றார். வந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு மறுபடி கீழே ஓடினார். அன்றைக்கு யாரும் போகாத ஊர்களுக்கெல்லாம் டிக்கெட் அச்சாயிற்று.

எல்லாம் ஆனபிறகுதான் ஒன்று உறைத்தது. அச்சான டிக்கெட் மாடியில் இருக்கிறது. அதை வாங்க வேண்டியவர் தெருவில் நிற்கிறார். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் யார் சந்தைச் சுற்றி இறங்குவது?

"என் கூடை ஒண்ண எடுத்துக்கினு போ. கவுத்துல கட்டி எறக்கு" என்றாள் மணியம்மாள். "கீரக்காரிகிட்ட மாடிவூட்டு அம்மாங்க வாங்கறதில்ல?"

அதுதான் வழி என்று முடிவாயிற்று. ஜன்னலில் ஒரு கப்பி மாட்டினார்கள். காசி தட்டுவான், மாடியில் பிரிண்டர் கத்தும், ரேணுகாம்பாள் கிழித்துக் கூடையில் போடுவாள், கூடை ஆடி ஆடி இறங்கும். காசிக்கு ஒரு பக்கம், வள்ளிக்கு ஒரு பக்கம் எட்டுகிற மாதிரி நடுவில், பூக்கடைக்கு நேர் மேலே. சும்மா நின்றவர்கள் கூடக் கூடை இறங்குவதைப் பார்க்கவே ஏதாவது ஊருக்குப் போனார்கள். கூடை மேலே ஏறும்போது காலியாகவும் ஏறவில்லை. மணியம்மாள் ஒரு முழம் பூ வைப்பாள். வள்ளி சுண்டல் வைப்பாள். காசி ஒரு தடவை டீ வைத்து அனுப்பினான். பாதி டீ பூவில் கொட்டி, மீதி மல்லிகை வாசனையோடு மேலே வந்தது. ரேணுகாம்பாள் அதையும் குடித்துவிட்டுச் சிரித்தாள்.

வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் சுப்பிரமணி வாரா வாரம் வேலூரிலிருந்து வந்தான். பிரிண்டரைத் திறந்து பார்ப்பான், தூசி தட்டுவான், இல்லாத ஒரு கோளாறைத் தேடுவான். "நல்லாத்தான் ஓடிக்கினு இருக்குதே சார்" என்பான் காசி. "நல்லா ஓடறதத்தான் ஜாஸ்தி கவனிக்கணும்" என்று சுப்பிரமணி கொஞ்சமும் சிரிக்காமல் சொல்வான்.

கார்த்திகை தீபம் வந்தது. ஊரில் கால் வைக்க இடமில்லை. தீபம் பார்த்துவிட்டுச் சென்னைக்குத் திரும்புகிறவர்களுக்கு எட்டு மணி ஸ்பெஷல் பஸ் விடுவதாக அருணகிரி அறிவித்திருந்தார். பஸ்கள் ஊருக்குள் வர முடியாததால் திண்டிவனம் சாலையில் ஒரு காலி நிலத்தில் நிற்கும். டிக்கெட் மட்டும் இங்கே. எதற்கும் இருக்கட்டும் என்று சுப்பிரமணியையும் வரச் சொல்லியிருந்தார்.

மதியம் மூன்று மணிக்குப் பிரிண்டரில் தாள் தீர்ந்தது. சென்னை பஸ்ஸில் அப்போது ஒரே ஒரு சீட் பாக்கி, பதினாலாம் நம்பர். அதைச் சைதாப்பேட்டையிலிருந்து வந்த சந்திரம்மாள் என்ற அம்மாள் காசியிடம் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். காசி அமுக்கினான். கூடை இறங்கவில்லை.

புதுத் தாள் பெட்டி ஒரு கடையில் இருந்தது. போன் போட்டதும் கடைக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, தெருமுனையிலேயே கூட்டத்தில் சிக்கிக்கொண்டார். ரேணுகாம்பாளும் சுப்பிரமணியும் ஜன்னலிலிருந்து அவரைப் பார்த்தார்கள். அவர் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கினார். முன்னால் நின்றவர் அதை வாங்கித் தனக்கு முன்னால் நின்றவரிடம் கொடுத்தார். பிரசாதம் என்று நினைத்தார்களோ என்னவோ, பெட்டி கை மாறிக் கை மாறி ஜனங்களின் தலைக்கு மேலேயே மிதந்து வந்தது. சிலர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு இடத்தில் அது வழி தவறிக் கோயில் பக்கம் போகத் தொடங்கியது. சுப்பிரமணி ஜன்னலிலிருந்து, "இந்தப் பக்கம், இந்தப் பக்கங்க" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

இதற்குள் கீழே சந்திரம்மாள் காசியை உலுக்கிக்கொண்டிருந்தாள். "இன்னாபா, டிக்கெட் வருமா வராதா?" காசி அமுக்கினான். அவள் மறுபடி கேட்டாள். அவன் மறுபடி அமுக்கினான். பின்னால் நின்றவர்கள், "நல்லா அழுத்தி அமுக்குங்க சார்" என்று யோசனை சொன்னார்கள். அழுத்தி அமுக்கினான். வேகமாக அமுக்கினால் வருமா என்று பார்த்தான். பக்கத்தில் நின்ற ஒருவர் கையை நீட்டி அவரும் நாலு தடவை அமுக்கிவிட்டார். ஒரு தடவை அமுக்கினால் போதும், தாள் வந்ததும் மிஷின் தானே அச்சடிக்கும் என்று சுப்பிரமணி எத்தனையோ முறை சொன்னது அந்த நேரத்தில் காசிக்கு நினைவில் இல்லை.

பெட்டி ஒருவழியாகப் பூக்கடை வரை வந்தது. கூடையை அவிழ்த்துப் பெட்டியின் மேல் கவிழ்த்து, இரண்டையும் சேர்த்துக் கயிற்றில் கட்டினார்கள். ரேணுகாம்பாளும் சுப்பிரமணியும் சேர்ந்து இழுத்தார்கள். சுப்பிரமணியின் பேனாக்கள் ஒவ்வொன்றாக மணியம்மாளின் கூடையில் விழுந்தன. தாளை மாட்டினதும் பிரிண்டர் ஒரு தடவை கனைத்துக்கொண்டு கத்த ஆரம்பித்தது. நிற்கவே இல்லை.

காத்திருந்த டிக்கெட்டெல்லாம் வருகிறது என்று நினைத்த ரேணுகாம்பாள், கிழித்துக் கிழித்துக் கூடையில் அள்ளிப் போட்டாள். என்ன நம்பர் என்று பார்க்க நேரமில்லை. சுப்பிரமணி கயிற்றை விட்டான். கூடை பாதி இறங்கும்போது மலைப்பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. கூடை ஒரு சுற்றுச் சுற்றிச் சாய்ந்தது. டிக்கெட்டுகள் அத்தனையும் வெளியே பறந்து, தெருவின் மேலே கொஞ்ச நேரம் மிதந்து, கூட்டத்தின் தலையில் இறங்கின. தீபத்துக்காக அருணகிரி முதலாளி இலவச டிக்கெட் விடுகிறார் என்று யாரோ சொன்னார்கள். கைகள் எல்லாம் வானத்தைப் பார்த்து நீண்டன.

சுப்பிரமணி பிரிண்டரில் மிச்சமிருந்த ஒன்றைக் கிழித்துப் படித்தான். சென்னை, சீட் பதினாலு. அடுத்தது சென்னை, சீட் பதினாலு. அவன் முகம் தாளைவிட வெளுத்தது. "மேடம், எல்லாமே பதினாலு."

ரேணுகாம்பாள் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம், இன்றைக்கு வேண்டாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு அவளால் முடியவில்லை.

சாயங்காலம் அருணகிரியும் அவளும் சுப்பிரமணியும் காசியும் திண்டிவனம் சாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பஸ்ஸைச் சுற்றி ஒரே சண்டை. கண்டக்டர் வேடியப்பன் படிக்கட்டில் கையை விரித்து வழி மறித்து நின்றிருந்தார். "பதினாலு யாருங்க?" என்று அவர் கேட்டிருக்கிறார். எல்லாரும் ஒரே நேரத்தில் "நான்தான்" என்றிருக்கிறார்கள். உள்ளே பதினாலாம் சீட்டில் சந்திரம்மாள் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் கவுண்டர்ல நின்னு வாங்கினேன். இந்தப் புள்ளையக் கேளுங்க" என்று காசியைக் காட்டினாள். காசி, "அவங்கதாங்க. அவங்களுக்காகத்தான் அத்தன தடவ அமுக்கினேன்" என்றான் பரிதாபமாக.

"அப்ப எங்க டிக்கெட் இன்னா, பொய்யா?" என்றார் வெளியே ஒருவர். "சாமி குடுத்தது. காத்துல வந்துச்சு."

அருணகிரியின் சின்னக் குரல் எடுபடவில்லை. தள்ளுமுள்ளு முற்றியது. ஒருவர் வேடியப்பனின் விசிலைப் பிடித்து இழுத்தார். அந்த நேரம் மலை உச்சியில் தீபம் எரிந்தது.

அவ்வளவு பேரும் அப்படியே திரும்பினார்கள். "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று அந்த நிலம் முழுக்க ஒரு குரல் எழுந்தது. கும்பிட வேண்டுமென்று எல்லாரும் கையைத் தூக்கியபோது, ஒவ்வொரு கூப்பிய கைக்கு நடுவிலும் ஒரு டிக்கெட் இருந்தது. ரேணுகாம்பாள் அதைப் பார்த்தாள். தீபத்தைப் பார்த்தாள். மறுபடி கைகளைப் பார்த்தாள். சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. கும்பிட்டுக்கொண்டே சிரித்தாள். பக்கத்தில் நின்ற பெரியவர் முறைக்கத்தான் திரும்பினார்; திரும்பினவர் தன் கையிலிருந்த பதினாலையும் பக்கத்துக் கைப் பதினாலையும் பார்த்துவிட்டு, "அடடே" என்று சிரிக்க ஆரம்பித்தார். அது அப்படியே பரவியது. பஸ்ஸுக்குள்ளிருந்து சந்திரம்மாள் சிரிப்பது கேட்டது. வேடியப்பன் விசிலை ஊதப் பார்த்து, சிரிப்பில் ஊத முடியாமல் விட்டுவிட்டார்.

ஒரு சத்தம் மட்டும் ரேணுகாம்பாளுக்குப் புதிதாக இருந்தது. விக்கல் மாதிரி, ரிப்பன் சிக்கின பிரிண்டர் மாதிரி. திரும்பினாள். சுப்பிரமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ் சக்கரத்தில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அது பழக்கமில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

"இன்னொரு பஸ் வுடுங்க முதலாளி. துட்டு குடுத்துடறோம், ஓசி வேணாம்" என்றார் அந்தப் பெரியவர். அருணகிரி ஷெட்டில் சும்மா நின்ற பஸ்ஸை எடுத்துவரச் சொன்னார். வந்தது. ஏறினார்கள். ஏறின பிறகு புதுச் சிக்கல். டிக்கெட்டில் போட்ட சீட்டில்தான் உட்காருவேன் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். சண்டை இல்லை, சந்தோஷத்தில் வந்த வீம்பு. வேடியப்பன் ஒரு சாக்பீஸை எடுத்து, முன் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை ஒவ்வொரு சீட்டிலும் பதினாலு, பதினாலு என்று எழுதிக்கொண்டே போனார். அதன் பிறகு எல்லாரும் அவரவர் சீட்டில் உட்கார்ந்தார்கள். பஸ் கிளம்பும்போது, டிரைவர் சீட்டிலும் எழுதச் சொல்லி டிரைவர் கேட்டாராம்.

அடுத்த வாரம் சுப்பிரமணி வழக்கம்போல வந்தான். பிரிண்டரைத் திறக்கவில்லை. மேஜைக்கு எதிரே நின்றான்.

"மேடம், நான் வேலூர் வேலைய விட்டுடலாம்னு பாக்கறேன். இந்த ஊர்லயே ஒரு கடை போடலாம்னு. ஒரு கம்ப்யூட்டரு, ஒரு பிரிண்டரு. தனியா ஒருத்தன் ஒரு பிரிண்டர வெச்சுக்கறது கொஞ்சம் வேஸ்ட்டு. ரெண்டு பேரு சேந்து வெச்சுக்கலாம்னு..."

"கடைய மட்டுமா கேக்கறீங்க?" என்றாள் ரேணுகாம்பாள்.

"இல்லீங்க."

"அப்ப மேடம்னு கூப்பிடறத நிறுத்துங்க."

அவன் அதற்கு என்ன கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கூடை மேலே வந்தது. இரண்டு மாலை இருந்தது அதில். கீழே காசி ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றான். "நான் ஒண்ணும் ஒட்டுக் கேக்கல, மணியம்மாக்காதான் கட்டிச்சு" என்றான்.

தை மாதம் கல்யாணம். செங்கம் சாலையில் கடை. அந்த வருஷமே திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனது. ஊரில் புதுப் புது ஆபீஸ்கள் திறந்தன. எங்கே பார்த்தாலும் நாலு மேஜை, ஒரு பிரிண்டர். கேபிளைத் தோளில் சுற்றிக்கொண்டு சுப்பிரமணி பரண் மேல் ஏறுவான், ரேணுகாம்பாள் கீழே நின்று அங்கே வேலை செய்பவர்களைத் தன்னைச் சுற்றி உட்காரவைத்து, "ஒரு தடவதான் அமுக்கணும். வரலன்னா எழுந்து போயி தாள் இருக்குதான்னு பாருங்க. மறுபடி அமுக்கினீங்கன்னா பின்னாடி நீங்கதான் கஷ்டப்படுவீங்க" என்று சொல்லிக்கொடுப்பாள். எப்படிக் கஷ்டப்படுவோம் என்று யாராவது கேட்டால் வேலை நின்றுபோகும். அவளால் அதைச் சிரிக்காமல் சொல்லி முடிக்க முடிந்ததில்லை. அதனாலேயே அவள் வருகிற நாளுக்கு எல்லா ஆபீஸிலும் ஆட்கள் காத்திருந்தார்கள்.

கடை திறந்து கொஞ்ச நாள் கழித்து அப்பாசாமி வண்டி கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தார். மாடுகளை வெளியே புளிய மரத்தில் கட்டிவிட்டு, உள்ளே வந்து பிரிண்டர் மேல் கையை வைத்தார். அப்போதுதான் ஓடி ஓய்ந்திருந்தது.

"உழுதுட்டு வந்த மாடு மாதிரி சூடா இருக்குதே" என்றார். "எம் பேரு போடும்மா இதுல."

போட்டாள். ஆங்கில எழுத்துதான். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தாளைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, நல்லாத்தான் இருக்கிறது என்று தலையாட்டினார்.

"வெளிய நிக்கிறதுங்க பேரும் போடு."

"மாட்டுக்காப்பா?"

"ஏன், அதுங்கதான என்ன இட்டுக்கினு வந்துச்சு."

மயிலை, செவலை என்று இரண்டு தாள் வந்தது, எழுத்து ஒவ்வொன்றும் சாண் உயரத்துக்கு. சுப்பிரமணியே வண்டிக்கு வந்து ஆளுக்கொன்றாகக் காட்டினான். அப்பாசாமி அவற்றைச் சுருட்டாமல், மடிக்காமல் அடி அண்ணாமலை வரை கையில் பிடித்துக்கொண்டே போய், மாட்டுக் கொட்டகையில் அதனதன் இடத்துக்கு நேரே ஒட்டினார். மயிலை தன் பேரை வருஷக்கணக்கில் வைத்திருந்தது. செவலை அன்றைக்கு ராத்திரியே தின்றுவிட்டது.